ஆவி டாக்டர் காருக்குப் பம்பு போட்ட கதை

உலகத்தில் எத்தனையோ கோடி மாடுகள் இருக்கலாம். ஸ்போர்ட்ஸ் கார் வருகிற சத்தம் கேட்டதும் ‘ஐயையோ, ஊசி!’ என்று தொழுவத்தின் மூலைக்கு ஒதுங்குகிற மாடுகள் கோவில்பட்டி வட்டாரத்தில் மட்டும்தான் உண்டு. இந்தப் பெருமையை எங்கள் ஊருக்குச் சம்பாதித்துக் கொடுத்தவர் ஆவி டாக்டர்.

அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர் அவர். நான் கோவில்பட்டியில் வேலை பார்த்த காலத்தில் பக்கத்து வீடு. வயதில் மூத்தவர். ஆனாலும் முதல் நாளே என்னை ‘வே’ போட்டுக் கூப்பிட்டு, ஸ்பேனரைக் கையில் கொடுத்துவிட்டார்.

அந்தக் கார் அவரிடம் வந்த விதமே தனி. மலை எஸ்டேட் ஒன்றில் யாருடைய நாய்க்கோ வைத்தியம் பார்க்கப் போயிருக்கிறார். அங்கே கோழிக் கூண்டுக்குப் பின்னால் சிவப்பாக ஏதோ தெரிந்திருக்கிறது. அந்தக் காலத்துச் சீமைக் கார். இரண்டே இருக்கை, மேலே கூரை கிடையாது, உட்கார்ந்தால் முட்டி நெஞ்சில் இடிக்கும். நாய் பிழைத்துக்கொண்டது. டாக்டர் பிழைக்கவில்லை. காரோடுதான் வீடு திரும்பினார்.

அது குளிர் தேசத்துக்காகச் செய்த கார். அதை அவர் கரிசல் காட்டில், சித்திரை வெயிலில், கம்பங்கொல்லைக்கும் பருத்திக் காட்டுக்கும் நடுவே ஓட்டினார். கோவில்பட்டி எல்லை தாண்டுவதற்குள் என்ஜின் கொதித்துவிடும். பானெட்டின் இடுக்கெல்லாம் குபுகுபுவென்று ஆவி கிளம்பும். அதற்கு நடுவே வெள்ளைத் தொப்பி மட்டும் மிதந்து வரும். ‘ஆவி டாக்டர்’ என்று பெயர் வந்தது அப்படித்தான்.

பெயரின் வரலாறு தெரியாதவர்களால் ஒரு சங்கடம் வந்தது. ஒருநாள் கயத்தாறிலிருந்து ஒரு குடும்பமே வேன் வைத்துக்கொண்டு வந்து இறங்கியது. நடுவில், கண்ணெல்லாம் சிவந்த ஒரு வாலிபன்.

“அய்யா, இவன் என் மச்சினன். கொஞ்ச நாளா ஆளு ஒரு மாதிரியா இருக்கான். தானாச் சிரிக்கான், சோறு திங்க மாட்டேங்கான். ஆவி புடிச்சிருக்குங்காவ. நீங்க ஆவி டாக்டராம்லா?”

டாக்டர் சளைக்கவில்லை. அவன் கண் இமையை இழுத்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். மாட்டுக்குப் பார்ப்பது போலவே காது மடலைத் தொட்டுப் பார்த்தார்.

“ஆவியும் இல்ல, கூவியும் இல்ல. விடிய விடிய போனைப் பாத்துச் சிரிக்கான். போனைப் புடுங்கி வைங்க.”

பையன் தேறிவிட்டான். அதன் பிறகு வேன்கள் அதிகமாக வர ஆரம்பித்ததுதான் மிச்சம்.

கார் இப்படிக் கொதிப்பதற்காக டாக்டர் வெட்கப்பட்டு நான் பார்த்ததே இல்லை. எட்டயபுரம் போகிற வழியில் ஒவ்வொரு ஊரிலும் அவருக்குத் தண்ணீர் தரும் வீடு ஒன்று இருந்தது. பக்கத்து இருக்கையின் காலடியில் இரண்டு கேன் தண்ணீர் எப்போதும் இருக்கும். நான் கூடப் போனால் என் கால்களை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். அதுவும் போதாமல் கார் வழியெல்லாம் குடித்துக்கொண்டே போகும்.

ஒரு கோடையில் அது மாறியது. தண்ணீர் லாரி வந்தால்தான் தண்ணீர் என்றிருந்த ஒரு கிராமம். வழக்கம்போல் கார் புகைந்துகொண்டு போய் நின்றது. ஒரு அம்மா குடத்தோடு வந்து ரேடியேட்டரில் ஊற்றினார். குடம் காலியானது. பின்னாலேயே அவர் வீட்டுப் பசு வந்து வெறும் தொட்டியை நக்கிப் பார்த்துவிட்டு, நிமிர்ந்து காரைப் பார்த்தது.

டாக்டர் நேரே வீட்டுக்குத் திரும்பினார். வீட்டு வாசலில் இறங்கியவர் சொன்னார்:

“அந்த மாடு என்னைப் பாத்தது பாத்தீரா வே? மாட்டு டாக்டரு மாட்டுத் தண்ணியப் புடுங்கிக் காருக்கு ஊத்துதான். இனி இது கொதிக்கப்படாது.”

காரணம் அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. என்ஜினைச் சுற்றித் தண்ணீரை ஓட வைக்கும் வாட்டர் பம்ப் பழையது. உள்ளே தண்ணீரைத் தள்ளும் சக்கரம் மெல்லிய தகடு. தேய்ந்து போய்த் தண்ணீரைத் தள்ளாமல் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தது. அதை விட வலுவான, வார்ப்புச் சக்கரம் வைத்த புதுப் பம்பு சீமையில் கிடைக்கிறது என்று கண்டுபிடித்து வரவழைத்தார்.

‘டாக்டர் காருக்கு வாட்டர் பம்ப் போடுதார்’ என்ற செய்தி ஊருக்குள் பரவியது. கரிசல் மண்ணில் பம்பு என்றால் ஒரே அர்த்தம்தான்.

“எத்தனை எச்.பி. டாக்டரே?” என்று டீக்கடையில் ஒருவர் கேட்டார்.

“கரண்டு எங்கேருந்து எடுக்கீய?” என்றார் இன்னொருவர்.

“நாங்க போரு போட்டே தண்ணியக் காணோம். இவிய காருக்குள்ள போட்டுத் தண்ணி எடுக்கப் போறாவளாம்!” என்றார் மூன்றாமவர்.

அவர் மனைவி டாக்டரம்மாவுக்கு எரிச்சல். அவர் அந்தக் காரில் ஒருநாளும் ஏறியதில்லை. சென்னையில் இருக்கும் மகனும் அவரும் பேசி, பழைய கார் சேகரிக்கிற ஒரு கோயம்புத்தூர்க்காரரை வரச் சொல்லிவிட்டார்கள்.

“விக்கவா? நான் பம்பு போட்டு ஓட்டிக் காட்டுதேன், அப்புறம் பேசு” என்றார் டாக்டர்.

“சரி. எட்டயபுரம் வரைக்கும் போயிட்டு வாங்க. கொதிச்சா காரு அவருக்கு. கொதிக்கலேன்னா...” டாக்டரம்மா அத்தோடு நிறுத்திவிட்டார். அப்படி ஒன்று நடக்கும் என்று அவர் யோசித்ததே இல்லை.

வேலை ஆரம்பமானது. அவர் அறுவை சிகிச்சை செய்பவர், நான் நர்ஸ். ரேடியேட்டரிலிருந்து தண்ணீரை இறக்கினோம். விசிறியைக் கழற்றி, பெல்ட்டைத் தளர்த்தி, பம்பைப் பிடித்திருந்த போல்ட்டுகளுக்கு வந்தோம். ஒன்று மட்டும் துருப்பிடித்து அசைய மறுத்தது. நான் ஸ்பேனரில் தொங்கினேன்.

“ஓய், விடும் வே! கன்னுக்குட்டியை இப்பிடி இழுத்தா தாயும் போயிரும், கன்னும் போயிரும். கொஞ்சம் உள்ள தள்ளணும், கொஞ்சம் வெளிய இழுக்கணும். அதுவா மனசு வச்சு வரணும்.”

எண்ணெய் விட்டார். சூடு காட்டினார். போல்ட்டிடம் “வா தாயி, வா” என்று கெஞ்சினார். அது மனசு வைத்தபோது சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது.

புதுப் பம்பைப் பொருத்தியதும் அடுத்த இடி. அதன் மூக்கு பழையதை விடக் கொஞ்சம் நீளம். விசிறியை மாட்டினால் ரேடியேட்டரை உரசியது. டாக்டர் தரையில் உட்கார்ந்து இரண்டு டம்ளர் காபி குடித்தார். பிறகு அந்த இரும்பு விசிறியையே கழற்றி வீசிவிட்டு, ரேடியேட்டருக்கு முன்பக்கம் பேட்டரியில் ஓடும் மெல்லிய விசிறி ஒன்றை வைத்துக் கட்டினார்.

தண்ணீர் நிரப்பி ஓடவிட்டால், என்ஜின் உடனே சூடானது. நான் அணைக்கப் பாய்ந்தேன். டாக்டர் மட்டும் மலர்ந்தார்.

“உள்ள காத்து அடைச்சிருக்கு வே. மாட்டுக்கு வயிறு உப்பும்லா, அது மாதிரி.”

தெருக்கோடியில் இருந்த மேட்டில் காரை மூக்கு உயர நிறுத்தினார். ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து, என்ஜினை ஓடவிட்டு, ரப்பர் குழாயை மாட்டின் விலாவைப் பிடித்துவிடுவது போல அமுக்கி அமுக்கி விட்டார். திடீரென்று ‘குளுக்’ என்று பெரிய குமிழி ஒன்று மேலே வந்து உடைந்தது.

“ஏப்பம் விட்டுட்டா!” என்று தெருவே கேட்கக் கத்தினார்.

கோயம்புத்தூர்க்காரர் வந்த அன்று வெயில் தார் ரோட்டை இளக்கிக்கொண்டிருந்தது. அவரை டாக்டரம்மாவிடம் கடலைமிட்டாயோடு உட்கார வைத்துவிட்டு நாங்கள் கிளம்பினோம். சாட்சிக்கு நான். சூடு காட்டும் முள்ளைப் பார்க்கிற வேலையும் எனக்குத்தான்.

“நீரே பாரும். எனக்குத் தைரியம் இல்ல” என்றார் டாக்டர்.

முள் நடுவில் நின்றது. ஊர்கள் கடந்தன. டாக்டரம்மா போனில் வந்தார்.

“தம்பி, கொதிச்சுட்டா?”

“இல்ல மதினி.”

“நல்லாப் பாத்துச் சொல்லுங்க.”

பாதி வழியில் ஒருவர் ரோட்டின் நடுவே நின்று துண்டை வீசினார்.

“டாக்டரே! மாடு ஈன முடியாமக் கிடக்கு. கன்னு காலு மட்டும் வெளிய தெரியுது. கடவுள்தான் உங்கள அனுப்பிச்சிருக்காரு!”

ரோட்டை விட்டு இறங்கினால் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும் வண்டிப்பாதை. காற்றே இல்லாத மதியத்தில் காரை ஆமை போல உருட்ட வேண்டும். நல்ல காரே கொதிக்கும். கார் கைவிட்டுப் போகலாம் என்பது டாக்டருக்கும் தெரியும். அவர் ஒரு விநாடி கூட யோசிக்கவில்லை. ஸ்டீயரிங்கைத் திருப்பிவிட்டார்.

முள் ஏறியது. நான் குலதெய்வத்தைக் கூப்பிட்டேன். சிவப்புக் கோட்டுக்குச் சற்று முன்னால் வந்து, அங்கேயே நின்றுகொண்டது.

காரின் சத்தம் கேட்டு வழக்கம்போல ஒரு வீட்டிலிருந்து குடம் வந்தது. கொண்டு வந்தவர், அன்றைக்குக் குடத்தைக் காலி செய்த அதே அம்மா. அந்த ஊர்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“வேண்டாம் தாயி” என்றார் டாக்டர்.

அந்த அம்மா குடத்தை இறக்காமல் காரை மேலும் கீழும் பார்த்தார்.

“தண்ணி வேண்டாங்குதே... ஏன் டாக்டரே, காருக்கு ஒடம்பு சரியில்லையா?”

டாக்டர் சிரித்தார். கையால் தொட்டியைக் காட்டினார்.

“இனி அது கேக்காது தாயி. மாட்டுக்கு வையி.”

பிறகு சட்டையைக் கழற்றிவிட்டுத் தொழுவத்துக்குள் போனார். வெகுநேரம் கழித்து, தலை திரும்பிக் கிடந்த கன்று உயிரோடு மண்ணில் விழுந்தது. கை கழுவ வெந்நீர் கேட்டார். மாட்டுக்காரர் பழக்க தோஷத்தில் வாளியோடு காரை நோக்கி ஓடி, பாதியில் நின்று தலையைச் சொறிந்தார்.

“முன்னால காருலேருந்தே புடிச்சுக்கிடுவோம். இப்பம் அடுப்புல்லா மூட்டணும் போலுக்கே!”

எட்டயபுரம் போய்விட்டு நாங்கள் திரும்பியபோது தெரு முழுக்க வாசலில் நின்றது. முதலில் வந்தது டாக்டரம்மா. யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. காய்ச்சல் பார்ப்பது போலப் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. பிறகு கன்றின் ஈரம் காயாத டாக்டரின் வேட்டியைப் பார்த்தார்.

“ஈத்துப் பாத்துட்டா வாரீய?”

“ஆமா. எட்டயபுரமும் போயிட்டுத்தான் வாரோம்.”

டாக்டரம்மா கோயம்புத்தூர்க்காரர் பக்கம் திரும்பினார்.

“தம்பி, காரு விக்குததுக்கு இல்ல.”

“ஏனுங்கம்மா, நீங்கதானுங்க வரச் சொன்னீங்க?”

“நான் சொன்னது கொதிக்கிற காரு. இது கொதிக்காத காரு. இது வேற.”

தெருவே கை தட்டியது. கோயம்புத்தூர்க்காரரும் சிரித்துவிட்டு, மிச்சக் கடலைமிட்டாயை வாங்கிக்கொண்டு போனார். அடுத்த வெள்ளிக்கிழமை டாக்டரம்மா கோயிலுக்குக் காரில் போனார். சேலைத் தலைப்பைக் காதோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு, வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் “புதுப் பம்பு!” என்று சொல்லிக்கொண்டே போனார்.

கார் இப்போது கொதிப்பதில்லை. ஆவி டாக்டர் என்ற பெயர் மட்டும் போகவில்லை.

எனக்குச் சென்னைக்கு மாறுதல் வந்து நாளாகிவிட்டது. போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகக் கோவில்பட்டியில் ரயிலை விட்டு இறங்கினேன். அவருக்குத் தகவல் சொல்லவில்லை. டாக்டரம்மாவிடம்தான் போனில் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன். ஸ்டேஷன் வாசலில் சிவப்புக் கார் நின்றது.

“உமக்காக ஒண்ணும் வரல வே. மாட்டு மருந்து பார்சல் ஒண்ணு ரயில்ல வருது, அதை எடுக்க வந்தேன். இருக்கதுதான் இருக்கீரு, ஏறும்.”

ஏறிக்கொண்டேன். வீடு வரைக்கும் கன்றுக்குட்டிகளைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். பார்சலை எடுக்காமலேயே கிளம்பி வந்துவிட்டோம் என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.