பெல்விக் துரையின் காளையும் என் மகனின் பிடிவாதமும்

லிங்கன்ஷயர், 1787, அறுவடைக் காலம்

லண்டனில் பெரிய மனிதர்களின் மொட்டைத் தலைகளுக்குப் பொய்முடி தைத்துக் கொடுக்கும் அன்புத் தம்பி சைலஸுக்கு, கசாப்புக்கடை ஒபதியா அண்ணன் எழுதுவது. இங்கு அனைவரும் சுகம். உன் மூட்டுவலி தேவலையா?

போன கிறிஸ்துமஸுக்கு என் வீட்டு வாத்துக் கறியைத் தின்றபடியே, "மனுஷ மூஞ்சி வரையத் துப்பில்லாதவன்தான் மாட்டை வரைவான்" என்று என் மகன் எப்ராயீமைச் சொன்னாயே, இப்போது காதைத் தீட்டிக்கொண்டு கேள். பெல்விக் துரை தம்முடைய பரிசு வாங்கிய காளையை வரைய அவனைத்தான் கூப்பிட்டார்! படம் துரைக்குப் பிடித்துவிட்டால் லண்டன் கண்காட்சிக்குப் போகும். பிடிக்காவிட்டால் இந்தச் சீமையில் ஒரு கோழியைக்கூட அவன் வரைய முடியாது. காளையை எங்கள் கொட்டிலிலேயே கட்டினோம். வந்ததும் வராததுமாக அது என் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியைத் தின்றது, அப்புறம் ஈரப் படத்திலிருந்த தன் மூக்கைத் தானே நக்கி அழித்தது, விரட்டப் போன உன் அண்ணி தண்ணீர்த் தொட்டிக்குள்ளே விழுந்தா, இவன் என்னடான்னா, "அம்மா, அசையாதீங்க, மாடு உங்களைத்தான் பாக்குது, பார்வை பிரமாதமா இருக்கு"ன்னு வரைஞ்சுக்கிட்டே நிக்கிறான்!

நேற்று துரை வந்து பார்த்தார். "என்னப்பா, வயிறு எங்கே? அடுத்த ஊர்க்காரன் மாட்டுப் படம் பீப்பாய் மாதிரி இருக்கு. இன்னும் கொஞ்சம் சதை போடு."

"மாட்டுமேல இருக்கிற சதையைத்தான் துரை நான் போட முடியும். கூட வேணும்னா நீங்க தீனி போடுங்க."

எனக்கு நெஞ்சு விம்மிப் போச்சுடா தம்பி! அப்பா காலத்திலிருந்து தராசில் விரல் வைக்காத குடும்பம் நம்முடையது. என் பிள்ளை படத்தில்கூட ஒரு ராத்தல் கூட்டிப் போடமாட்டேன் என்கிறான். "நாளைக்கு வருவேன். சதை இல்லேன்னா படமும் வேண்டாம்" என்று துரை குதிரை ஏறிவிட்டார். போகட்டும். உன் கடைக்கு வருகிறவர்களிடம் இதை உரக்கப் படித்துக் காட்டு.

உன் மனைவி மக்களைக் கர்த்தர் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருப்பாராக.

இப்படிக்கு,
எப்ராயீமின் தகப்பன்,
ஒபதியா

பின்குறிப்பு: உரக்கப் படித்துத் தொலைக்காதே. இன்று காலை எப்ராயீம் ஆற்றுக்குக் குளிக்கப் போயிருந்தான், தூரிகை பக்கத்திலேயே கிடந்தது. வயிற்றைக் கொஞ்சமாகத்தான் இறக்க நினைத்தேன், கை நிற்கவில்லை. திரும்பி வந்தவன் படத்தைப் பார்த்தான், என் சட்டைக் கையிலிருந்த பழுப்பு வண்ணத்தைப் பார்த்தான். திட்டப் போகிறான் என்று கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். "அப்பா, இந்த வயித்தை இந்தக் காலு தாங்காதே" என்று சொல்லி, உட்கார்ந்து நாலு காலையும் தடியாக்கினான். மத்தியானம் வந்து பார்த்த துரைக்கு வாயெல்லாம் பல். படம் அடுத்த வாரம் லண்டன் வருகிறது. வயிறு என் கைவேலை என்று யாரிடமும் மூச்சு விடாதே. ஆனால் கூட்டத்தோடு கூட்டமாய் நின்று, வயிற்றைப் பற்றி யார் யார் என்ன சொன்னார்கள் என்று விவரமாய் எழுது.