நான் மௌன விரதம் இருந்த ஞாயிற்றுக்கிழமை

தனியாக இருப்பவன் மௌன விரதம் இருப்பதைப் போன்ற மோசடி வேறில்லை. அந்த மோசடியைத் திண்டிவனத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் நான் முழு மனதோடு செய்தேன்.

என் மனைவி செல்வி அப்போது கோபித்துக்கொண்டு வளவனூரில் அவள் அப்பா வீட்டில் இருந்தாள். போய் இரண்டு மாதம். காரணம் என் வாய். அவள் ஒரு பேச்சை ஆரம்பித்தால் நான்தான் முடிப்பேன் (பெரும்பாலும் தப்பாக). "என்னிக்காவது ஒரு நாள் நான் பேசுறத முழுசா..." என்று அவள் ஆரம்பித்தபோது, "ஏன், கேட்காம என்ன?" என்று குறுக்கே பாய்ந்தேன். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

வீடு ஒரு தட்டு, ஒரு டம்ளர் என்று சுருங்கிப்போனது. டிவியில் செய்தி வாசிப்பவருக்குப் பதில் சொல்ல ஆரம்பித்ததும் எனக்கே பயம் வந்து, யோகா வகுப்பில் சேர்ந்தேன். கல்யாண மண்டபத்து மாடியில், முகூர்த்தம் இல்லாத நாட்களில் மட்டும் வகுப்பு. பத்மாசனத்தில் உட்கார்ந்தால் என் முட்டிகள் இரண்டும் கூரையைப் பார்க்கும். மாஸ்டர் ஒரு வாரம் பொறுத்தார்.

"சார், உங்களுக்கு முட்டி பிரச்சினை இல்ல, வாய்தான் பிரச்சினை. சவாசனத்துல கூட பேசிக்கினே கெடக்கிறீங்க. ஞாயித்துக்கெழமை காலைல ஆறுலேருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் மௌனமா இருங்க. உங்களுக்கு யோகா அங்கதான் ஆரம்பிக்குது," என்றார்.

நான் எதையும் அரைகுறையாகச் செய்பவன் அல்ல. அவசரத்துக்கு எழுதிக் காட்ட ஒரு சிலேட்டும் பல்பமும் வாங்கினேன். ஞாயிறு காலை, 'இன்று மௌனம். சர்க்கரை கம்மி' என்று எழுதி எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். கடைக்காரர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் வழக்கமான டீயை நீட்டினார். கீழ் வீட்டுக்காரர் படிக்கட்டில் எதிரே வந்தார், தலையாட்டினார், போய்விட்டார். பதினோரு மணிக்குத்தான் எனக்கு உறைத்தது. போன ஞாயிறும் நான் யாரிடமும் பேசவில்லை, அதற்கு முந்தின ஞாயிறும் பேசவில்லை. விரதம் என்று பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன்.

இரண்டு மணிக்கு போன் அடித்தது. செல்வி. இரண்டு மாதத்தில் முதல் தடவை.

எடுத்த பிறகுதான் விரதம் நினைவுக்கு வந்தது. எட்டு மணி நேரத் தவத்தை ஒரு 'ஹலோ'வில் விடுவதா என்று தயங்கினேன் (என் ஆன்மிகம் அந்த லட்சணத்தில் இருந்தது). அதற்குள் அவளே பேச ஆரம்பித்துவிட்டாள். அப்பாவுக்குச் சர்க்கரை ஏறியது, அவளுக்குத் தூக்கம் வராதது, என்மேல் இருந்த கோபம், அது குறைந்தது எல்லாம் சொன்னாள். நான் குறுக்கே பேசவில்லை. கடைசியில், "நான் வந்துடட்டுமா?" என்றாள்.

சிலேட்டை அழித்தேன். கொட்டை எழுத்தில் 'வா' என்று எழுதினேன். அது போதாது என்று தோன்றியதால் முன்னால் 'உடனே' சேர்த்தேன். இரண்டு கையாலும் தூக்கிச் செல்போனுக்கு நேராகக் காட்டினேன்.

அது வீடியோ கால் இல்லை என்பது மண்டையில் ஏறி, "வா!" என்று நான் கத்தியபோது அவள் போனை வைத்துவிட்டிருந்தாள். திரும்ப அடித்தால் சுவிட்ச் ஆஃப். அன்றைக்கு நான் பேசிய முதல் சொல்லைக் கேட்க வீட்டில் யாரும் இல்லை.

விழுப்புரம் பஸ்ஸில் ஏறிய பிறகுதான் சிலேட்டும் கூடவே வந்திருப்பதைக் கவனித்தேன். "யாரை சார் கூப்பிட்டுக்கினு போறீங்க?" என்றார் அதைப் படித்த கண்டக்டர். அங்கே பஸ் மாறி வளவனூரில் இறங்கினால், மாமனார் வாசலில் உட்கார்ந்து மல்லாட்டை (வேர்க்கடலைதான்) உரித்துக்கொண்டிருந்தார். "இன்னா மாப்ள, இப்பதான் பள்ளிக்கூடம் சேந்தீங்களா?" என்றார்.

செல்வி வெளியே வந்தாள். சிலேட்டைப் படித்தாள். "ஓ, இதானா அது? நான் கேட்டுட்டு காத்துக்கினு இருக்கேன், அந்தப் பக்கம் கிறீச் கிறீச்னு சத்தம். பொண்டாட்டி வரட்டுமான்னு கேக்கிறா, மனுசன் இன்னாமோ எழுதிக்கினு இருக்காரேன்னு வெச்சிட்டேன்."

"இல்ல செல்வி, மாஸ்டர் ஆறு மணி வரைக்கும் பேசக் கூடாதுன்னு..."

"மணி இப்ப இன்னா?"

"நாலரை."

"அப்ப இன்னும் இருக்குதுல்ல. உக்காருங்க."

உட்கார்ந்தேன். ஒன்றரை மணி நேரம் அவள் பேசினாள். கல்யாணமாகி ஆறு வருடம், அவள் சொன்னதில் பாதி எனக்குப் புதிது. ஆறு அடித்ததும் காப்பி கொடுத்து என்னை அனுப்பிவைத்தாள். கூட வரவில்லை. சிலேட்டோடு தனியாகத்தான் திண்டிவனம் திரும்பினேன். பத்து நாள் கழித்து வந்தாள்.

இன்றைக்கும் எங்கள் இரண்டு வீட்டிலும், கேட்ட கேள்விக்கு யாராவது பதில் சொல்லத் தாமதித்தால், "இன்னா, எழுதிக்கினு இருக்கியா?" என்பார்கள். செல்வி அப்பாவைப் பார்க்க ஊருக்குப் போனால் அங்கிருந்து எனக்கு போன் செய்வாள். அவள் பேசி முடித்துவிட்டாளா என்று தெரியாமல் நான் ஒரு நொடி சும்மா இருப்பேன்.

"எழுதி முடிச்சிட்டீங்களா?" என்பாள்.

"வா," என்பேன்.