தை மாதத்து இத்தாலிக் கடல்

திட்டம் போடுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். ஆக்லாந்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில், அடுத்தவர் எழுதியதில் பிழை கண்டுபிடிக்கும் வேலை எனக்கு. நாள் முழுக்க ஊரார் செய்த தப்பையே பார்த்துக்கொண்டிருந்தால், தப்பு என்பது அடுத்தவர்கள் செய்வது என்று தோன்றிவிடும். (இந்த வேலையில் எல்லோருக்கும் வருகிற வியாதிதான். எனக்குக் கொஞ்சம் முற்றியிருந்தது.)

எங்கள் கல்யாணத்தின் இருபத்தைந்தாவது வருடம் நெருங்கியபோது, எங்கே போகலாம் என்று செல்வியிடம் கேட்டேன். செல்வி என் மனைவி. ஒனிஹங்காவில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறாள்.

"ஊருக்கு வேண்டாங்க. ஊருக்குப் போனா நான் யார் வீட்டுச் சமையக்கட்டுலயாவதுதான் நிப்பேன்" என்றாள். "கடல் பக்கம் போலாம். சும்மா இருக்கவும் வேணும், ஒரேயடியா சும்மாவே இருக்கவும் கூடாது."

அப்புறம் கொஞ்சம் தயங்கி, வேலையிடத்து டிவியில் இத்தாலியின் தென்கரையைப் பார்த்ததாகச் சொன்னாள். அந்த நீலத் தண்ணீரில் ஒரே ஒரு தடவை நீந்திவிட வேண்டுமாம்.

செல்விக்கு நீந்தத் தெரியாது. அவள் அருப்புக்கோட்டைக்காரி. சிறு வயதில் அவள் பார்த்த தண்ணீரெல்லாம் குடத்துக்குள்தான் இருந்தது. ஆனாலும் அடுத்த வாரமே நியூ லின் பக்கம் ஒரு நீச்சல் குளத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாள். நாற்பத்தொன்பது வயதில், ஐந்து வயதுப் பிள்ளைகளோடு நுரைப்பலகையைப் பிடித்துக்கொண்டு காலை அடித்துப் பழகினாள். முதல் மாதம் முகத்தைத் தண்ணீருக்குள் வைக்கவே முடியவில்லை. இரண்டாவது மாதம் குளத்துத் தண்ணீரில் பாதியைக் குடித்தாள். எட்டாவது மாதம் ஒரு நாள் வீட்டுக்கு வந்து, ஈரத் தலையோடு, "நிக்காம ரெண்டு ரவுண்டுங்க" என்றாள். அவள் முகத்தில் அன்று இருந்த பெருமையை நான் எங்கள் கல்யாண போட்டோவில்கூடப் பார்த்ததில்லை.

திட்டம் என் பொறுப்பு. அட்டவணை தயாரானது. பச்சைக் கட்டம் என்றால் ஓய்வு, சிவப்பு என்றால் உழைப்பு. காலை ஏழு மணிக்கு மலைப்பாதையில் நடை. ஒன்பது மணிக்கு காயாக் படகு. பதினொன்று முதல் பதினொன்றரை வரை நிம்மதி. (ஆமாம், நிம்மதிக்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தேன்.) பிற்பகல் முழுக்க, கொட்டை எழுத்தில், 'செல்வி நீச்சல்'.

தேதியில் குழப்பமே இல்லை. எங்களுடையது தை மாதத்து முகூர்த்தம், அதனால் ஜனவரி கடைசி. பதினேழு வருடமாக ஆக்லாந்தில் ஜனவரி என்றால் எங்களுக்குக் கோடை. ஊரே கடற்கரையில் கிடக்கும், வீட்டுக்கு வீடு பார்பெக்யூ புகையும். கடலுக்குப் போக இதைவிட நல்ல மாதம் உண்டா?

சகுனங்களும் நன்றாக இருந்தன. நேப்பிள்ஸுக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரில் கடலைப் பார்த்த விடுதி கிடைத்தது. எந்த நாளைத் தட்டினாலும் எல்லா அறைகளும் காலி. முன்கூட்டியே திட்டமிடுகிறவனுக்கு உலகமே வழிவிடும் என்று செல்வியிடம் ஒரு சின்னச் சொற்பொழிவே ஆற்றினேன். விடுதிக்காரி மரியா மூன்று மின்னஞ்சல் அனுப்பினாள். ஜனவரிதானா, நிச்சயமாகவா என்று முதல் கடிதம். காயாக்கா, நிச்சயமாகவா என்று இரண்டாவது. நீச்சலுமா என்று மூன்றாவது. என் வயதைக் கிண்டல் செய்கிறாள் என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. 'வெரி ஷ்யூர்' என்று பெரிய எழுத்தில் அடித்து, வீட்டுக்குப் பக்கத்துக் குன்றின் உச்சியில் நான் இடுப்பில் கை வைத்து நிற்கிற படத்தையும் சேர்த்து அனுப்பினேன்.

விமான நிலையத்துக்கு எங்களைக் கொண்டுபோய் விட்டவர் பக்கத்து வீட்டு சிவா அண்ணை. யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே வருவதற்கு முன்னால் சில வருடம் சுவிஸில் இருந்தவர். என் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார்.

"தம்பி, ஜக்கெட் ஒண்டும் எடுக்கேல்லையோ?"

"கடற்கரைக்கு எதுக்குண்ணே ஜாக்கெட்?"

"இத்தாலிக்குத்தானே போறியள்?"

"ஆமாண்ணே."

"ஓம், ஓம்" என்றார். பிறகு கார் டிக்கியைத் திறந்து, போர்வை கனத்தில் ஒரு ஜாக்கெட்டை எடுத்துச் செல்வியின் கையில் கொடுத்தார். "கிடக்கட்டும் தங்கச்சி, கொண்டு போங்கோ." நெருப்பு வெயிலில் ஒரு மனிதர் காரில் எதற்காக இதை வைத்திருக்கிறார் என்று பிழை கண்டுபிடிப்பதையே பிழைப்பாகக் கொண்ட நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. (ஏன் அண்ணே அப்பவே சொல்லல என்று பின்னால் கேட்டதற்கு, "மூண்டு தரம் அந்த அட்டவணையைக் காட்டினியள். சொல்ல மனம் வரேல்லை" என்றார்.)

ரோமில் இறங்கும்போது விமானி, வெளியே நான்கு டிகிரி என்று அறிவித்தார். செல்வி என்னைப் பார்த்தாள். "விடியக்காலை இல்ல, அப்படித்தான் இருக்கும். வெயில் ஏறினா சரியாயிடும்" என்றேன். அரைக்கால் சட்டையும் வைக்கோல் தொப்பியுமாக வாசலைத் தாண்டினேன். ஓவர்கோட்டு போட்ட ஒரு சின்னப் பெண், என்னைக் காட்டி அவள் அம்மாவிடம் ஏதோ கேட்டாள். அம்மா அவளைச் சீக்கிரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

வெயில் ஏறவே இல்லை. ரயில் பிடித்து, பஸ் பிடித்து அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். தெருவில் கடைகளெல்லாம் சாத்திக் கிடந்தன. கம்பளிச் சால்வையைச் சுற்றிக்கொண்டு வாசலில் நின்ற மரியா என் தொடைகளை நிதானமாகப் பார்த்தாள்.

"மிஸ்டர் வெரி ஷ்யூர்?" என்றாள்.

நான் தலையை ஆட்டினேன். பேசலாம் என்றால் பல் தந்தி அடித்தது.

விவரத்தை அவள்தான் சொன்னாள். விடுதி நவம்பரிலிருந்து மார்ச் வரை மூடியிருக்குமாம். என் கடிதத்தின் வேகத்தைப் பார்த்து, எங்கள் இரண்டு பேருக்காக மட்டும் திறந்தாளாம். காயாக்காரன் குளிர்காலத்துக்கு மகள் வீட்டுக்குப் போய்விட்டான். படகுகள் கரையில் கவிழ்ந்து, தார்ப்பாய்க்கு அடியில் தூங்கின. பூமியின் கீழ்ப்பாதியில் கோடை என்றால் மேல்பாதியில் குளிர்காலம். இதை நான் ஆறாம் வகுப்பில் படம் வரைந்து பாகம் குறித்து முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

செல்வி சத்தம் போட்டிருந்தால் தேவலை. அறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே கடல் சாம்பல் நிறத்தில் கிடந்தது.

"எட்டு மாசங்க" என்றாள். அவ்வளவுதான்.

என் வாழ்க்கையில் அப்படி நான் வெட்கப்பட்டதில்லை. ஷிப்ட் மாற்றி, லீவு கெஞ்சி, பிள்ளைகள் சிரிக்கச் சிரிக்கக் காலடித்துப் பழகியவளை, ஒரு மாதத்தின் பெயரை நம்பி இங்கே கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு திரும்பிப் படுத்தாள்.

மறுநாள் கல்யாண நாள். காலை பத்து மணிக்கு மேல் கொஞ்சம் வெயில் வந்தது. நான் காப்பி வாங்கிக்கொண்டு திரும்பியபோது செல்வி விடுதி வாசலில் நின்றாள். உடம்பை முழுக்க மூடும் நீச்சல் உடை, அதற்கு மேல் சிவா அண்ணையின் ஜாக்கெட்.

"நான் இறங்கப் போறேன்."

"விறைச்சுடுவ செல்வி."

"அது என் பாடு. நீங்க துண்டைப் புடிங்க."

ஜாக்கெட்டைக் கழற்றி என் தோளில் போட்டுவிட்டு, படகுத்துறையின் படியில் ஒவ்வொரு காலாக இறங்கினாள். இடுப்பு வரை போனதும் "அம்மாடி" என்று ஒரு சத்தம். அப்புறம் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தாள். துறையின் மறுமுனையை நோக்கி நீந்த ஆரம்பித்தாள். எதிரே காப்பிக்கடையில் சீட்டாடிக்கொண்டிருந்த நான்கு கிழவர்கள் எழுந்து வெளியே வந்தார்கள்.

"எந்த ஊர்?" என்று சால்வையோடு என் பக்கத்தில் வந்து நின்ற மரியா கேட்டாள்.

"அருப்புக்கோட்டை" என்றேன்.

செல்வி மறுமுனையைத் தொட்டுத் திரும்பினாள். கிழவர்களில் ஒருவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். நான் உணர்ச்சிவசப்பட்டு, கை கொடுக்கிறேன் பேர்வழி என்று படியில் இறங்கினேன். மூன்றாவது படியில் பாசி. ஜாக்கெட், துண்டு, கண்ணாடி சகிதம் கடலுக்குள் போய்விட்டேன். எனக்கு நீச்சல் தெரியாது என்பதை அட்டவணையில் எந்த நிறத்திலும் குறித்திருக்கவில்லை. செல்விதான் என் காலரைப் பிடித்து இழுத்து வந்து படியில் ஏற்றினாள். அவளுக்குக் கிழவர்கள் கைதட்டினார்கள். எனக்கு மரியா போட்டோ எடுத்தாள்.

அந்தப் போட்டோ இப்போது ஆக்லாந்தில், த்ரீ கிங்ஸ் பகுதியில் எங்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகலாம் என்று நான் சொன்னால்கூட, எங்கள் மகள் நிலா, "அப்பா, விச் ஹெமிஸ்பியர்? மேல்பாதியா, கீழ்ப்பாதியா?" என்று கேட்கிறாள். வீட்டுக்கு யார் புதிதாக வந்தாலும் செல்வி அந்தக் கதையை முதலிலிருந்து சொல்கிறாள். அன்றைக்குத் தண்ணீர் பதினான்கு டிகிரி என்று மரியா என்னிடம் சொல்லியிருந்தாள். செல்வி சொல்லும் கதையில் அது வருடா வருடம் இறங்கிக்கொண்டே வருகிறது. முதல் தீபாவளிக்குப் பத்து, அடுத்ததற்கு ஐந்து. போன தீபாவளிக்கு, பக்கத்தில் பனிக்கட்டி மிதந்ததாகச் சொன்னாள். விருந்தாளிகள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆமாம், நானும் பார்த்தேன், பெரிய கட்டி என்றேன்.