பெட்டியில் வந்த பாவாடை

மினசோட்டா,
நவம்பர் 1994

அன்புள்ள லொரெய்ன் அக்காவுக்கு,

தம்பி வெண்டல் எழுதுவது. இங்கே பனி முழங்கால் வரை வந்துவிட்டது. மற்றபடி நானும் மார்லீனும் நலம். அரிசோனா வெயிலில் நீயும் அத்தானும் சுகமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன்.

நம் டெரெக் கல்லூரிக்குப் போன நாளிலிருந்து ஒரு கடிதம் இல்லை, ஒரு போன் இல்லை. பெற்ற மனம் பித்து என்பார்கள். எனக்கு அது முற்றிவிட்டது. அப்போதுதான் பரணில் அந்தப் பழுப்புப் பெட்டி கண்ணில் பட்டது. நாம் படிக்கும்போது வாராவாரம் அழுக்குத் துணியை அதில் அடைத்துத் தபாலில் வீட்டுக்கு அனுப்புவோமே, அதேதான். அம்மா துவைத்து, இஸ்திரி போட்டு, மேலே பிஸ்கட் வைத்துத் திருப்பி அனுப்புவாள். உள்ளே கடிதம் இல்லாவிட்டால் பிஸ்கட்டும் இல்லை. இன்று நான் இவ்வளவு எழுதுவதற்கு அந்த பிஸ்கட்தான் காரணம். மகனும் துணியோடு நாலு வரி வைப்பான் என்று நம்பி, பெட்டியை அவனுக்கு அனுப்பினேன்.

திரும்பி வந்தது. தூக்க முடியவில்லை. கடிதம் இல்லை. டெரெக் ஒல்லிப்பிச்சான் என்பது உனக்குத் தெரியும். உள்ளே இருந்த ஒரு கால்சட்டையில் அவனைப் போல இரண்டு பேர் குடியிருக்கலாம். அடியில் ஒரு பெண்ணின் பாவாடை வேறு. மார்லீன் அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தபடி நாற்காலியில் சாய்ந்துவிட்டாள். விடுதிக்குப் போன் போட்டேன். எடுத்தது ஒரு பெண். அக்கா, நீ படித்த காலத்தில் அத்தான் உன்னைப் பார்க்க விடுதிக்கு வந்தால், கதவைத் திறந்து வைத்து உங்கள் இருவரின் நாலு காலும் தரையில் இருக்கிறதா என்று வார்டன் அம்மா காவல் காப்பாளே, அந்த நாட்டில்தானா நாம் இருக்கிறோம்?

"நான் பக்கத்து ரூம் தமாரா. துணி துவைக்கிறவர் நீங்கதானா? என் பாவாடைக்கு மட்டும் இஸ்திரி போட்டுடாதீங்க, அது கசங்கித்தான் இருக்கணும்."

"டெரெக் எங்கேம்மா?"

"தூங்கறான். மத்தியானம் ஒரு மணிதானே ஆகுது."

துவைத்துத் திருப்பி அனுப்பினேன். அன்று முதல் வாரம் தவறாமல் பெட்டி வருகிறது, இப்போது கூடவே ஒரு மூட்டையும். எங்கள் வாஷிங் மெஷின் பாதியில் உயிரை விட்டது. மிச்சத்தைக் குளியல் தொட்டியில் போட்டு நான் காலால் மிதித்தேன். காபி குடிக்க வந்த பக்கத்து வீட்டு அர்லோ, "ஏம்ப்பா, லாண்டரி வச்சிட்டியா? சொல்லவே இல்ல" என்கிறான். ஊரார் பிள்ளைகளின் சாக்ஸ் வருகிறது, என் பிள்ளையின் குரல் வரவில்லை. அதுதான் அக்கா தாங்கவில்லை. நாளைக் காலை பெட்டியைப் பிளந்து அடுப்பில் போடப் போகிறேன். அவனுக்காக நீ பரிந்து பேசாதே.

அத்தானுக்கு என் வணக்கமும் பேரப்பிள்ளைகளுக்கு எங்கள் ஆசியும்.

அன்புத் தம்பி,
வெண்டல்

பி.கு.: உறை ஒட்டும் நேரத்தில் போன் வந்தது. டெரெக். விடுதியின் கீழ்த்தளத்திலேயே வரிசையாக வாஷிங் மெஷின் இருக்கிறதாம். "பின்னே ஏன்டா அனுப்பறே?" என்றேன். "நீங்கதானேப்பா பெட்டி அனுப்பினீங்க? நான் இல்லாம வீட்டுல உங்களுக்குப் பொழுதே போகல போலன்னு நினைச்சேன். என் துணி கொஞ்சம்தான், அதான் எல்லார்கிட்டயும் கெஞ்சி வாங்கி அனுப்பறேன். பத்தலைன்னா சொல்லுங்க, மேல் மாடியிலயும் கேக்கறேன்" என்றான். கேட்கச் சொல்லிவிட்டேன்.