விரிச்சி கேட்ட பேராசிரியர்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. என் ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியரே சொன்னது. தான் தோற்ற கதையைத் தானே சொன்னதால் நம்பலாம் என்று நினைக்கிறேன்.

சார் ஆராய்வது சொற்சகுனம். சர்க்கரை தீர்ந்துபோனாலும் வாயில் 'இல்லை' வராது, 'நிறைந்திருக்கிறது' என்பார். அதை நம்பி நான் ஒருநாள் சர்க்கரை இல்லாத தேநீர் குடித்திருக்கிறேன்.

அவர் மனைவி நர்ஸ். வேறு ஊரில் தலைமை நர்ஸ் வேலை கிடைத்தது. வாரத்தில் ஐந்து நாள் அங்கேதான். அன்று மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். சாருக்கு அடுப்புப் பற்றவைக்கத் தெரியாது. 'போகாதே' என்று சொல்லத் தைரியமும் கிடையாது.

"விரிச்சி கேப்போமே," என்றார்.

"அது என்னங்க, ஊசியா, மாத்திரையா?"

"பழைய பாட்டுல வரும். ஒரு காரியத்தை மனசுல நெனச்சுக்கிட்டு நிக்கணும். யாரோ எதுக்கோ பேசுற சொல் காதுல விழும். அதுதான் பதில்."

"வாய்விட்டுச் சொல்லக் கூடாதா?"

"கூடவே கூடாது!"

"சரிங்க. நாலு மணிக்கு வாசல்ல நிப்போம்."

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதே சாருக்குப் பயமாக இருந்ததாம். இருந்தாலும் மதியம் எதிர்க்கடைத் தையல்காரரிடம் போய், "நாலு மணிக்கு 'வேண்டாம்'னு சத்தமாச் சொல்லுங்க" என்று ஏற்பாடு செய்துவிட்டு வந்தார்.

நாலு மணி. மனைவி கண்ணை மூடி நின்றார். தையல் மெஷின் நின்றது.

"வேண்டாம்! வேண்டவே வேண்டாம்!"

தெருவே திரும்பிப் பார்த்தது. சார் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டார்.

"என்னம்மா பண்றது, சொல் விழுந்துடுச்சே."

"ஆமாங்க. உடம்பே சிலிர்த்துப்போச்சு."

"அப்ப வரலைன்னு எழுதிடுறியா?"

"வர்றேன்னு எழுதப் போறேன்."

"வேண்டாம்னுதானே சொன்னாரு!"

"நான் என்ன நெனச்சேன்னு கேக்கலையே? 'இவருக்காக இந்தப் புது வேலையை விட்டுடலாமா'ன்னு நெனச்சேன்."

இதை என்னிடம் சொன்னபோது சாரின் குரலில் கோபமே இல்லை. மலையைப் பார்த்துவிட்டு வந்தவர்போல இருந்தார். "பதினோரு வருஷமா விழுந்த சொல்லையே ஆராயுறேன். கேள்வி யார்கிட்ட இருக்குன்னு யோசிச்சதே இல்லப்பா."

எனக்கு மனசு கேட்கவில்லை. எதையும் சரிபார்க்காமல் எழுதாதே என்பது சாரே சொல்லிக்கொடுத்த பாடம். தையல்காரரிடம் போய்க் கேட்டேன்.

"சாருக்கு முன்னாடியே அந்தம்மா வந்துட்டாங்க தம்பி. 'அவரு வந்து ஏதாச்சும் கத்தச் சொல்லுவாரு. பாவம், மறுக்காம கத்திடுங்கண்ணே'ன்னு சொல்லிட்டுப் போனாங்க."