எண்ணூறு மீட்டர்தானே!

வரைபடத்தின் மேல் ஒரு விரலை வைத்து, "இங்க சேந்துடும்" என்று சொல்லும் ஆசாமியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காவிட்டால் பின்லாந்தில் எங்கள் சாவோ பக்கம் வாருங்கள். இங்கே மரத்துக்கு ஒருவர் இருக்கிறார்.

எங்கள் காட்டுச் சாலைகள் எங்கும் போவதில்லை. மரம் வெட்டுகிறவர்களுக்காகப் போட்ட சரளைச் சாலைகள் அவை. வெட்ட வேண்டிய கடைசி மரம் வரை போகும். அங்கே லாரி திரும்புவதற்கு ஒரு வட்டம் போட்டிருப்பார்கள். அவ்வளவுதான். லாரிக்காரர் திரும்புகிறார், காளான் பறிக்க வந்த குடும்பம் திரும்புகிறது, வழி தவறிய தபால்காரர் கூடத் திரும்புகிறார். நம் ஆசாமி மட்டும் திரும்புவதில்லை. அகலமான டயர் போட்ட சைக்கிளை இடுப்பில் சாய்த்துக்கொண்டு வரைபடத்தைப் பார்க்கிறார். மேற்கிலிருந்து ஒரு சாலை வந்து முடிகிறது. கிழக்கிலிருந்து இன்னொன்று வந்து முடிகிறது. நடுவே கொஞ்சம் பச்சை. விரலை வைத்தால் விரல்நுனி அந்தப் பச்சையை மறைத்துவிடுகிறது. கண்ணுக்கு மறைந்தது காலுக்கும் மறைந்துவிடும் என்பது அவருடைய நம்பிக்கை.

"எண்ணூறு மீட்டர்தானே! தோள்ல தூக்கிட்டு நடந்தா பத்து நிமிஷம்."

இவரை அடையாளம் காண்பது சுலபம். கிளம்புவதற்கு முன் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார், கொஞ்சம் காற்றை இறக்குவார், மறுபடி அழுத்துவார், கொஞ்சம் ஏற்றுவார், கடைசியில் முதலில் இருந்த அளவுக்கே கொண்டுவந்து வைத்து, "இப்பதான் சரியா இருக்கு" என்பார். வெட்டி அடுக்கிய மரக்கட்டைகளைக் கண்டால் இறங்கி, சைக்கிளை அதில் சாய்த்துப் படம் எடுப்பார்; சங்கிலி இருக்கும் பக்கம்தான் தெரிய வேண்டும், பெடல் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் நிற்க வேண்டும். சொந்த மகளின் பள்ளிப் படத்தில் அவள் கண்ணை மூடியிருந்ததை இவர் கவனித்திருக்க மாட்டார். நாற்பது மில்லிமீட்டர் டயரா, நாற்பத்தைந்தா என்ற கேள்வியில் இரண்டு ஆண்டு நட்பை முறித்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். மூன்று தலைமுறையாக ஜனங்கள் பெர்ரி வாளியோடு நடக்கும் தடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வந்துவிட்டு, அதைத் தான் "கண்டுபிடித்ததாக" அறிவிப்பார்.

இவருடைய பேச்சை மொழிபெயர்த்துக் கேட்க வேண்டும். "கொஞ்சம் ஈரம்" என்றால் முழங்கால் வரை. "லேசான ஏத்தம்" என்றால் சைக்கிளிலிருந்து இறங்கு. "கிட்டத்தட்ட வந்தாச்சு" என்றால் எங்கே இருக்கிறோம் என்றே தெரியவில்லை. வந்த வழியே திரும்பலாமா என்று மட்டும் இவரிடம் கேட்டுவிடாதீர்கள். அவர் அம்மாவைப் பற்றி ஏதோ தவறாகச் சொன்னதுபோல உங்களைப் பார்ப்பார்.

இவ்வளவு எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? சொல்கிறேன். என் பெயர் ஐமோ. வயது அறுபத்திரண்டு. என் தோள்பட்டையில் சைக்கிள் சட்டத்தின் தழும்பு இருக்கிறது.

என்னைவிடப் பெரிய ஆசாமி ஒருவன் இருந்தான், கலெவி. பதினோரு இலையுதிர்காலம் நாங்கள் இருவரும் சேர்ந்து சேராத சாலைகளைச் சேர்த்தோம். அவற்றில் ஒன்று மட்டும் எங்களுக்குப் பிடிகொடுக்கவில்லை. என் வீட்டுப் பக்கத்துச் சாலை ஒன்றும் அவன் வீட்டுப் பக்கத்துச் சாலை ஒன்றும் காட்டுக்குள் ஒன்றையொன்று பார்த்தபடி முடிகின்றன. நடுவே எண்ணூறு மீட்டர். மூன்று முறை போனோம், மூன்று முறையும் வேறு எங்கெங்கோ வெளியே வந்தோம். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்டா" என்றான் கலெவி. ஏப்ரலில், ஏரியில் பனிக்கட்டி உடையும் வாரத்தில், அவன் இறந்துபோனான்.

அவன் மனைவி ரைலி அவனுடைய சைக்கிளை என்னிடம் தந்தார். "கொட்டகையில நிக்கறதைப் பாக்க முடியலை ஐமோ. கோடை முடியற வரைக்கும் நீயே ஓட்டு." கோடை முடிந்தது. அவர்களுடைய மகள் ஹெய்னி அந்தச் சைக்கிளைத் தனக்குக் கேட்டாள். அவள் தம்பேரே நகரத்தில் நர்ஸ். சனிக்கிழமை வருகிறாள், இரவுப் பணிக்காக நான்கு மணிக்குக் கிளம்பிவிடுவாள். ரைலி என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "ரெண்டு மணிக்குக் காபி. சைக்கிளோட வந்துடு. ரெண்டு மணிக்கு."

தார்ச்சாலை வழியாக இருபத்து மூன்று கிலோமீட்டர். ஒன்றரை மணி நேரம் போதும். நான் பதினோரு மணிக்கே கிளம்பினேன். எந்த வழியாக என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். கலெவிக்காக, அவன் சைக்கிளிலேயே, ஒரு தடவை அதைச் சேர்த்துவிட வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அழகான காரணம். சைக்கிளைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை என்பது அவ்வளவு அழகாக இல்லாததால் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

சாலை முடியும் வட்டத்தில் புட்கோனென் கிழவர் குனிந்து லிங்கன்பெர்ரி வாரிக்கொண்டிருந்தார். எங்கள் சாவோக்காரர்களிடம் வழி கேட்கக் கூடாது. ஆம், இல்லை என்ற இரண்டு சொற்களையும் நாங்கள் விருந்தாளிகளுக்காக எடுத்துவைத்திருக்கிறோம். நான் கேட்டேன்.

"இது அந்தப் பக்கம் போய்ச் சேருமா?"

"அது போறவனைப் பொறுத்தது."

"நடுவுல சதுப்பு இருக்கா?"

"இருந்துச்சு. அது எங்கயும் கிளம்பிப் போனதா சேதி இல்லை."

"போகலாமா, கூடாதா? ஒண்ணு சொல்லுங்களேன்."

"போகலாம். திரும்பவும் செய்யலாம். ரெண்டும் மனுஷன் செய்யறதுதான்." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "போன வருஷம் இடுப்பு வரைக்கும் சேத்தோட வந்த ரெண்டு பேர்ல ஒருத்தன்தானே நீ? இன்னொருத்தர் எங்க? சேரும் சேரும்னு சொல்லிக்கிட்டே போனாரே?"

"ஏப்ரல்ல போயிட்டார்."

புட்கோனென் தொப்பியைக் கழற்றினார். பிறகு மாட்டிக்கொண்டார். பிறகு தன் வாளியிலிருந்து ஒரு கை பெர்ரி அள்ளி என் கையில் வைத்தார். "வயித்துல எதாவது இருக்கட்டும். பத்து நிமிஷத்துல வரமாட்டே," என்றார். எங்கள் ஊரில் இவ்வளவு தெளிவாக யாரும் பேசி நான் கேட்டதில்லை. ஆனாலும் போனேன்.

முதல் இருநூறு மீட்டர் நன்றாகவே இருந்தது. அடுத்த நூறில் "கொஞ்சம் ஈரம்" வந்தது. சாய்ந்து கிடந்த மரங்களின் மேலும் கீழுமாகச் சைக்கிளைக் கடத்தினேன். நான் தாண்டினால் அது மாட்டிக்கொண்டது, அது தாண்டினால் நான் மாட்டிக்கொண்டேன். இடது காலணியைச் சதுப்பு வாங்கிக்கொண்டது. கையை விட்டுத் துழாவி எடுத்தேன். கைபேசியைப் பார்த்தேன். சிக்னல் இல்லை. மணி ஒன்று இருபது. "கிட்டத்தட்ட வந்தாச்சு," என்று சைக்கிளிடம் சொன்னேன்.

அப்போதுதான் ஒரு பைன் மரக்கிளையில் சிவப்புத் துணிப் பட்டையைப் பார்த்தேன். கலெவி கட்டியது. போன ஆண்டு நான் முன்னால் சைக்கிளோடு நடக்க, அவன் பின்னால் நூறடிக்கொரு தரம் நின்று, பையிலிருந்து துணியைக் கிழித்துக் கட்டிக்கொண்டே வந்தான், அடுத்த முறை வழி தெரியட்டும் என்று. செத்தும் வழி காட்டுகிறானே! ஒவ்வொரு பட்டையாகத் தேடிக்கொண்டு பின்தொடர்ந்தேன். இரண்டாவது, மூன்றாவது, மின்னல் விழுந்த மரத்தில் ஏழாவது. பதினெட்டாவது பட்டைக்கு அடுத்து ஒரு பைன் மரம். அதன் கிளையில் சிவப்புப் பட்டை. அடியில் என் காலணி புதைந்த குழி.

போன ஆண்டு மூன்று மணி நேரம் நாங்கள் முன்னேறிக்கொண்டே இருந்தது இதில்தான். லாரிகள் திரும்ப வட்டம் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அதில் திரும்புவது கௌரவக் குறைச்சல் என்று நாங்கள் சொந்தமாக ஒன்று போட்டிருக்கிறோம்.

சதுப்பில் உட்கார்ந்து சிரித்தேன். சிரித்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தப் பட்டையை அவிழ்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் சரி என்று எனக்குப் பட்டதோ அதற்கு நேர் எதிராக நடந்தேன். இருபத்தைந்து நிமிடத்தில் காலடியில் சரளை நெரிபட்டது. மணி மூன்று நாற்பது.

அந்தப் பக்கத்து வட்டத்தில் ஒரு கார் நின்றது. அதன் முன்புறத்தில் ஏறி உட்கார்ந்து ஹெய்னி வரைபடம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டேகாலுக்கே அம்மா சொல்லிட்டாங்க, 'அவன் காட்டு வழியா வருவான், லாரி வட்டத்துல போய் நில்லு'ன்னு. என்ன மாமா இது? அப்பா சைக்கிள் எங்க? சேத்துல ஒரு சைக்கிள் செஞ்சு எடுத்துட்டு வந்திருக்கீங்க?"

"கழுவித் தர்றேன்மா. அடுத்த வாரம் நானே தம்பேரேவுக்குக் கொண்டுவந்து..."

"மாமா. இன்னிக்கு."

கொடுத்தேன். அவள் ஹேண்டில்பாரைப் பிடித்தாள். அவளுடைய அப்பா பிடிக்கும் இடத்தில் ரப்பர் தேய்ந்திருக்கும். கட்டைவிரல் போய் அங்கே நின்றது.

"உனக்கு வேலைக்கு நேரமாச்சே," என்றேன்.

"மூணு மணிக்கே இன்னொருத்திகிட்ட ஷிப்ட்டை மாத்திட்டேன். நீங்க வருவீங்களான்னே தெரியலை, விட்டுட்டா போவாங்க?" பிறகு கேட்டாள்: "சேந்துச்சா?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். என் இடுப்பிலிருந்து கறுப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"சேந்துச்சு. எண்ணூறு மீட்டர்தான்," என்றேன்.

அவள் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். கொஞ்சம் காற்றை இறக்கினாள். கார்ச் சாவியை என் கையில் போட்டாள். "நீங்க காரை எடுத்துட்டு வீட்டுக்குப் போங்க. இந்த மேட்டுக்குப் பின்னாடி ஒரு சாலை எங்க சவுனாக் குளியல் குடிசைக்கிட்ட போய் முடியுது. இவ்வளவு நேரம் அதைத்தான் பாத்துட்டிருந்தேன். நடுவுல அறுநூறு மீட்டர்கூட இல்லை. நான் அப்படி வந்துடறேன்."

தடுக்க எனக்கு வாய் இருந்தது. தகுதி?

ரைலி நாற்காலியில் செய்தித்தாளை விரித்த பிறகே என்னை உட்காரவிட்டார். "அவ எங்கே?"

"பின்பக்கமா வர்றா."

அடுப்பில் ஏற்றப் போன காபிப் பாத்திரத்தை ரைலி மறுபடி கீழே வைத்தார். நான் சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பட்டையை எடுத்து மேஜையில் வைத்து, கலெவி கட்டியது என்றேன். அவர் எடுத்துப் பார்த்தார். ஓரத்தில் வெள்ளை நூலில் ஒரு சின்ன நட்சத்திரம் இருந்தது.

"என்னோட கிறிஸ்துமஸ் மேஜைவிரிப்பு! எங்கம்மா தச்சது! வீடு முழுக்கத் தேடினேனே! கூடவே நின்னு தேடினானே அந்தப் படுபாவி! அலமாரிக்கு அடியில எல்லாம் படுத்துத் தேடினானே!"

ஏப்ரலுக்குப் பிறகு ரைலி கலெவியைத் திட்டி அன்றுதான் முதல் தடவை கேட்டேன். நிறுத்தாமல், நன்றாக, கண்ணைத் துடைத்துத் துடைத்துத் திட்டினார். ஏலக்காய் ரொட்டி முழுவதையும் நாங்கள் இரண்டு பேரே தின்று தீர்த்தோம். ஜன்னலுக்கு வெளியே சவுனாவின் பின்னால் காடு அசையாமல் நின்றது.

உங்களுக்கு இதெல்லாம் சிரிப்பாக இருக்கும். உங்களிடம் அகல டயர் சைக்கிள் இல்லை, உங்கள் ஊரில் சதுப்பு இல்லை. சரி. ஆனால் அறுநூறு மீட்டர் என்று ஹெய்னி சொன்னதும், பகலிலேயே வந்துவிடுவாள் என்று நீங்கள் நினைத்தீர்களா இல்லையா? நினைத்திருந்தால் உங்கள் விரலை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், சேறு ஒட்டியிருக்கும். ஒரு சனிக்கிழமை இங்கே வாருங்கள். காபி ரெண்டு மணிக்கு என்றுதான் ரைலி சொல்வார். ஆறு மணிக்குத்தான் அடுப்பை மூட்டுவார்.