முப்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில்

குழிவெட்டி இன்னும் கடப்பாரையைத் தூக்கவே இல்லை. அதற்குள் எண் எழுபத்தொன்றுக்குப் போய்விட்டது.

வலது முன்னங்கையில் முழங்கைவரை ஒரு கறுப்பு உறை. உள்ளே தோலோடு ஒட்டிய வில்லைகள், மேலே சின்னத் திரை. தசை எவ்வளவு பாடுபடுகிறதோ அவ்வளவு எண். அளவெடுக்க வந்து அதை மாட்டிவிட்ட அலுவலகப் பெண், இடுகாட்டு வெயில் தாங்காமல், வாசலில் நின்ற காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

மேலதிகாரி காலையிலேயே தெளிவாகச் சொல்லியிருந்தார். அறுபதைத் தாண்டினால் இது மனிதர் செய்யக்கூடாத வேலை, இயந்திரம் வந்துவிடும். முப்பதுக்குக் கீழே இறங்கினால் இதற்கு இரண்டு ஆள் எதற்கு? ஒருவன் வீட்டுக்குப் போகலாம். இருக்கிற இரண்டு ஆளில் ஒருவன் குழிவெட்டி, மற்றவன் அவன் மனைவியின் தம்பி. இருவர் வீட்டுக்கும் நடுவே ஒரு குட்டைச் சுவர்; அந்தப் பக்கம் ஒரு குடும்பம், இந்தப் பக்கம் ஒரு குடும்பம்.

"பயப்படாத மாமா. பயந்தா ஏறுது."

"பயம் இல்லடா. நீ பேசினாத்தான் ஏறுது."

குழிவெட்டி பிடியைத் தளர்த்திக் குத்தினான். இருபத்திரண்டு.

"ஐயோ, இப்ப நான் வீட்டுக்குப் போறேன்!" என்று அலறினான் மைத்துனன்.

இறுக்கிக் குத்தினான். கடப்பாரை வேரில் மாட்டியது. எண்பது.

"மண்ணை நனைச்சா இளகும் மாமா."

நாலு குடம் தண்ணீர் ஊற்றினார்கள். மண் இளகியது. கூடவே கடப்பாரையும் வழுக்க ஆரம்பித்தது. வழுக்குவதைப் பிடித்து நிறுத்தியதில் தொண்ணூற்றொன்று.

"உன் யோசனையில இடி விழ! இந்தா, நீயே மாட்டிக்க."

உறையை மாட்டிக்கொண்ட மைத்துனன் குழிப்பக்கமே போகவில்லை. நின்ற இடத்தில் நின்றான். தொண்ணூற்றேழு.

"என்னடா பண்ற?"

"சும்மாத்தான் நிக்கறேன். வேலை போச்சுன்னா அக்கா என்ன சொல்லுவான்னு நினைச்சேன்."

அந்த நேரம் பார்த்து இறந்தவரின் மகன் வந்து நின்றான். இஸ்திரி போட்ட கறுப்புச் சட்டை, அழுது வீங்கிய கண்கள். குழியைப் பார்த்தான். முழங்கால் ஆழம், அதிலும் பாதி சேறு.

"ஒரு மணி நேரத்துல அப்பாவைக் கொண்டாந்துடுவாங்க. இதென்ன, வாத்து நீந்தவா வெட்டி வெச்சிருக்கீங்க?"

"அளவு பார்த்து வெட்டறோம் சார். கொஞ்சம் பொறுங்க."

"என்ன அளவு? எங்கப்பா அஞ்சே முக்கால் அடி. போதுமா? தள்ளுங்கய்யா!"

சட்டைக் கையை மடித்துக்கொண்டு குழிக்குள் குதித்துக் கடப்பாரையைப் பிடுங்கினான். மைத்துனனுக்கு மூளையில் விளக்கெரிந்தது.

"சார், குழிக்குள்ள இறங்கறவங்க இதை மாட்டிக்கணும். சட்டம்."

அப்பாவைப் பறிகொடுத்தவன் மறுபேச்சில்லாமல் கையை நீட்டினான்.

முதல் குத்து நாற்பத்துநாலு. அடுத்தது நாற்பத்தைந்து. கண்ணீர் ஒரு பக்கம் வழிந்துகொண்டே இருந்தது. கை அதைக் கண்டுகொள்ளாமல் தன்பாட்டில் ஏறி இறங்கியது. இடுப்பளவு, மார்பளவு, கடைசியில் தலை மறையும் ஆழம். வேர்கூட அவனிடம் மரியாதையாக விலகிக்கொண்டது.

"நாப்பத்தஞ்சேதான் மாமா!" என்று எட்டிப் பார்த்துக் கிசுகிசுத்தான் மைத்துனன். குழிவெட்டி அவனைக் கட்டிக்கொண்டான். ஒருத்தன் துக்கத்தில் நாம் சிரிக்கிறோமே என்று இருவரும் வெட்கப்பட்டார்கள், வெட்கத்தோடு சிரித்தார்கள்.

காரிலிருந்து அந்தப் பெண், உறையின் எண்கள் வந்து விழும் கைபேசியை ஏந்தியபடி ஓடிவந்தாள். ஸ்பீக்கரில் மேலதிகாரி.

"கடைசி முக்கால் மணி நேரம் பிரமாதம் சார். கொஞ்சம்கூட களைப்பே இல்ல."

"ஒரே கைதானே?"

"ஒரே கைதான் சார்."

"அப்ப மெஷினும் வேண்டாம், ரெண்டு பேரும் வேண்டாம். அந்தக் கைக்காரன் ஒருத்தன் போதும். நாளையிலேருந்து அவன் மட்டும் வரட்டும். யாரு அது?"

குழிவெட்டி மைத்துனனைப் பார்த்தான். மைத்துனன் குழிவெட்டியைப் பார்த்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த சுவர் அந்த ஒரு நொடியில் கூரைவரை எழும்பியது.

"நான்தான் சார்!"

"நான்தாங்க!"

இரண்டு கைகள் ஒன்றாக உயர்ந்தன. இரண்டும் வெறும் கை.

குழிக்குள்ளிருந்து உறை மாட்டிய சேற்றுக் கை ஒன்று விளிம்பைப் பற்றியது. கறுப்புச் சட்டைக்காரன் எம்பித் தலையை நீட்டி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டான்:

"காலையில எத்தனை மணிக்கு வரணும் சார்?"